ஒரு மோதலை எப்படி ஆராய்வது? பாக் விரிகுடாவை வைத்து ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டுக்கும் இலங்கையின் வடகரைக்கும் நடுவே உள்ள பாக் விரிகுடாவில் எல்லை தாண்டி மீன் பிடித்ததாக ராமேசுவரம் மீனவர்கள் கைது, படகு பறிமுதல் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறது. மறுநாள் மீனவர் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவிக்கும், முதலமைச்சர் டெல்லிக்குக் கடிதம் எழுதுவார், சில வாரம் கழித்துப் பாதிப் பேராவது விடுதலையாகி வருவார்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் இதே கடலைப் பற்றி வேறு செய்தி இருக்கும்: இந்திய ரோலர்கள் (இழுவைப் படகுகள்) இரவில் வந்து வலைகளை அறுத்துப் போய்விட்டன, இத்தனை லட்சம் ரூபா நட்டம், சங்கங்கள் போராட்டம். ஒரு கரைச் செய்தியை மட்டும் படிக்கிறவருக்குத் தப்பு யார் மேல் என்பதில் சந்தேகமே வராது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், இத்தனை பேச்சு நடந்தும் சட்டம் வந்தும் பணம் ஒதுக்கியும் இது ஏன் அடங்க மாட்டேன் என்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்விக்கு முறையாக விடை தேடுவதைத்தான் மோதல் ஆய்வு என்கிறோம். ஒரு ஊரிலோ கரையிலோ சண்டையைத் திரும்பத் திரும்பக் கிளப்புவது எது, நாள்தோறும் அதை ஓட்டிக்கொண்டிருப்பது எது, அது நின்றால் யாருக்கு என்ன போகும், யாருக்கு என்ன கிடைக்கும் என்று அதில் சிக்கியிருக்கிற ஆட்களிடமே கேட்டு, சரிபார்த்து, எழுதி, அவர்களிடமே திருப்பிக் கொடுக்கிற வேலை இது. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது இதில் சேராது, அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. நல்லிணக்கப் பேச்சுகள் பல தோற்பதற்கு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் பிடிவாதம்தான் காரணம் என்று சொல்லிவிடுகிறோம். என் எண்ணத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சண்டையை அன்றாடம் ஓட்டுகிற விஷயங்கள் அந்த மேசைக்கு வந்து சேருவதே இல்லை. பாக் விரிகுடாவை நான் எடுத்துக்கொண்டது இதைக் காட்டத்தான்.

பொறியும் விறகும்

ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு: சண்டையைப் பற்றவைக்கிற சம்பவம் ஒன்று, அது பற்றி எரியக் காரணமாக ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கிற விறகு இன்னொன்று. ஒரு கைது, ஒரு வலை அறுப்பு, கடலில் ஒரு சாவு, இதெல்லாம் பொறி. செய்தியாளர்கள் பொறியை எழுதுவார்கள், அது அவர்கள் வேலை. ஆய்வு செய்யப் போகிறவர் விறகைத் தேட வேண்டும்.

பாக் விரிகுடாவில் விறகு எப்படிச் சேர்ந்தது என்று பார்ப்போம். 1974லும் 1976லும் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுக் கடல் எல்லையை வகுத்துக்கொண்டன, கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. தமிழ்நாட்டில் நடக்கிற பாதி விவாதம் இதோடு நின்றுவிடும். ஆனால் அதற்கு முன்பே இன்னொரு சங்கதி நடந்துகொண்டிருந்தது. 1950களில் நார்வே உதவியோடு கேரளத்தில் ஆரம்பித்த திட்டத்தின் வழியாக இயந்திரப் படகும், பிறகு இழுவை மடியும் இந்தியக் கரைகளுக்கு வந்தன. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை, அரசு மானியமும் கடனும் கொடுத்தது, தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகாதவர்கள்கூடப் பணம் போட்டுப் படகு கட்டினார்கள். இழுவை மடி என்பது கடலடியை அப்படியே வழித்துக்கொண்டு போகிற வலை, குஞ்சு, முட்டை, பாசி என்று பார்க்காது. அதனால் முதல் சண்டை தமிழ்நாட்டுக்குள்ளேயேதான் வந்தது, 1970களில், இழுவை மடி போடுகிற விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நடுவே. அதை அடக்கத்தான் பாக் விரிகுடாவில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்தது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. அச்சட்டப்படி கரையை ஒட்டிய சில கடல் மைல்கள் நாட்டுப்படகுக்கு மட்டும். எதிர்க்கரையோ பக்கத்தில் இருக்கிறது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் 30 கிலோமீட்டர்கூட முழுசாக இல்லை. கரையை ஒட்டிப் போகக் கூடாது, எல்லையைத் தாண்டவும் கூடாது என்றால் விசைப்படகுக்குச் சட்டப்படி மிஞ்சுவது ஒரு குறுகிய பட்டைதான்.

அதே 1983இல் இலங்கையில் போர் மூண்டது. வடக்கு மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, நேரக் கட்டுப்பாடு, பாஸ் நடைமுறை, எஞ்சின் கட்டுப்பாடு, உயர் பாதுகாப்பு வலயம். பலர் இடம்பெயர்ந்தார்கள், கொஞ்சம் பேர் அகதிகளாக ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமுக்கே வந்து சேர்ந்தார்கள். எதிர்ப்பக்கக் கடலில் ஆள் இல்லை. கடற்படையால் ஆபத்து இருந்தது, சுட்டும் இருக்கிறார்கள், ஆனாலும் மீன் இருந்தது. ஏறக்குறைய 26 வருடம் இப்படிப் போயிற்று. அதாவது தமிழ்நாட்டின் விசைப்படகுக் கூட்டம் கடலின் இரண்டு பாதியையும் நம்பி வளர்ந்துவிட்டது. 2009 மே மாதம் போர் முடிந்து, வடக்கு மீனவர்கள் சின்னக் கண்ணாடியிழைப் படகுகளோடும் கடன் வாங்கிப் போட்ட வலைகளோடும் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் வலை விரிக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு தொழில் நடந்துகொண்டிருந்தது.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டபின் கேள்வியே மாறிவிடுகிறது. ‘ஏன் எல்லை தாண்டுகிறார்கள்’ என்று கேட்டால் பேராசை என்றோ பாரம்பரிய உரிமை என்றோ, அவரவர் சாய்வுக்கு ஏற்ற பதில் கிடைக்கும். ‘இத்தனை விசைப்படகுக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் மட்டும் போதுமா, போதாதென்றால் மிச்சப் படகு என்ன ஆகும்’ என்று கேட்டால்தான் பேசி முடிக்கக்கூடிய ஒரு விஷயம் கையில் கிடைக்கும்.

‘மீனவர்’ என்று ஒரே ஆள் கிடையாது

புதிதாக ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்டம் போட்டு இந்திய மீனவர், இலங்கை மீனவர் என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்வேன்.

ராமேசுவரத்தில் ஒரு விசைப்படகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கடலுக்குப் போகிற நாலைந்து பேரில் படகின் சொந்தக்காரர் பல சமயம் இருக்கவே மாட்டார். படகோட்டி இருப்பார், அவருக்குப் பங்கு கொஞ்சம் கூடுதல். மற்றவர்கள் கூலிக்கும் பங்குக்கும் போகிறவர்கள், சிலர் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கரையில் வியாபாரி இருப்பார், படகுக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்திருப்பார், அதனால் இறால் அவருக்குத்தான் போக வேண்டும், விலையும் அவர் சொல்கிறதுதான். மாட்டிக்கொண்டால் சிறையில் இருப்பது கூலியாள், தண்டனை கூடுதலாக விழுவது படகோட்டிக்கு. 2018இல் இலங்கை, வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்திய பிறகு படகே போய்விடும் என்ற பயம் உரிமையாளருக்கு. இந்த மூன்று பேரையும் உட்கார வைத்து ‘உங்கள் பிரச்சினை என்ன’ என்று கேட்டால் உரிமையாளர்தான் பேசுவார், மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். சங்கத் தலைவர்களும் பெரும்பாலும் உரிமையாளர்கள்தான். பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்கள் இவர்களே. கூலியாள் போவதில்லை.

அதே கரையில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் நாட்டுப்படகுக்காரர்கள் இருக்கிறார்கள். இழுவை மடியால் அவர்கள் படுகிற பாடு வடக்கு மீனவர் படுகிற பாட்டுக்கு ரொம்பவே நெருக்கம். எதிர்க்கரையில் குருநகரில் உள்ளூர் இழுவைப் படகு வைத்திருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்களும் உண்டு. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தபோது அது இந்தியப் படகுகளை மட்டும் பாதிக்கவில்லை, அவர்களையும் பாதித்தது. ஆக, வரைபடத்தில் இரண்டு நாட்டுக்கு நடுவே ஓடுவதாகத் தெரிகிற கோடு, கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு வகைத் தொழிலுக்கு நடுவே, இரண்டு கரையிலும் ஓடுகிறது. போருக்குப் பின் யாழ்ப்பாணம், ஆம்ஸ்டர்டாம் முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இரு கரையிலும் தங்கி வேலை செய்தபோது இந்தச் சிக்கலைத்தான் பொறுமையாக எழுதிக் காட்டினார்கள். ஒரு மோதலை ஆராய்ந்ததால் கிடைத்த பலன் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். ஏனென்றால் இது தெரிந்துவிட்டால் யாரை யாரோடு உட்கார வைப்பது என்பதே மாறிவிடும்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். கருவாடு போடுகிறவர், வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுக்கிறவர், நுண்கடன் தவணைக்கு வாரா வாரம் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது பதில் சொல்கிறவர் அவர்தான். ஒரு வீட்டின் கடன் கணக்கு சங்கத் தலைவருக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். கடன்தான் இந்த மோதலில் பெரிய விறகு.

எப்படிக் கேட்பது

‘இந்த மோதலுக்குக் காரணம் என்ன’ என்று மட்டும் நேராகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், மேடையில் ஏற்கெனவே பத்துத் தடவை சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்வார்கள். போன வாரம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒரு தாளில் ஏழு நாளையும் வரிசையாக எழுதி, எந்த நாள் கடலுக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு, என்ன வலை, எவ்வளவு எண்ணெய், எங்கே போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். வடக்குக் கரையில் இதைச் செய்தால் மூன்று கட்டம் காலியாக இருக்கும்: திங்கள், புதன், சனி. ராமேசுவரத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகுகள் கிளம்புகிற நாட்கள் அவை. அந்த நாட்களில் வலை போட்டால் காலையில் வலை இருக்காது என்று பயந்து வடக்கில் பலர் கடலுக்கே போவதில்லை. அறுந்த வலைக்கான நட்டத்தை யாராவது கணக்கெடுத்திருப்பார்கள். போகாமல் வீட்டில் இருந்த நாளுக்கு ரசீது எது? எந்தப் புகாரிலும் வராத அந்த இழப்பு, ஏழு கட்டம் போட்ட ஒரு தாளில் வந்துவிடுகிறது.

இதே தாளை ராமேசுவரத்தில் வைத்தால் வேறு கதை தெரியும். போகிற மூன்று நாளில் டீசல் செலவையும் முன்பணத்தையும் எடுத்தாக வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் மட்டும் இழுத்தால் எவ்வளவு வரும், அந்தப் பக்கம் போனால் எவ்வளவு வரும் என்று படகோட்டியே கணக்குச் சொல்வார். அங்கேயும் விடாமல் கேளுங்கள்: வலையை அறுப்பது தெரிந்துதான் நடக்கிறதா, இருட்டில் நடக்கிறதா, அறுந்தபின் என்ன செய்வீர்கள்? பதில் பிடிக்காமல் போகலாம், எழுதிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் முக்கியம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ராமேசுவரத்தில் எல்லாரும் கரையில் இருப்பார்கள், பேச நேரம் இருக்கும். வடக்கில் அதே நாட்களில் ரோலர் பயம் இல்லாததால் எல்லாரும் கடலில் இருப்பார்கள். தேர்தல் காலத்தில் இரண்டு பக்கமும் போகாமல் இருப்பது நல்லது.

அப்புறம், ஒருவர் சொல்கிற கோரிக்கைக்குக் கீழே அவருக்கு உண்மையில் எது வேண்டியிருக்கிறது என்று தோண்டிப் பார்க்க வேண்டும். ‘கச்சத்தீவை மீட்க வேண்டும்’ என்பது கோரிக்கை. அது 285 ஏக்கர் தீவு. கைதுகள் நடக்கிற இடங்களைப் பாருங்கள், நெடுந்தீவுக்கு அருகே, பருத்தித்துறைக்கு அப்பால் என்று அதைத் தாண்டி எங்கேயோ இருக்கும். தீவு கைமாறினாலும் அங்கே இழுவை மடி போடுவதால் வருகிற சண்டை அப்படியே இருக்கும். அந்தக் கோரிக்கைக்குக் கீழே இருக்கிற ஆசை, பயமில்லாமல் தொழில் செய்து திரும்ப வேண்டும் என்பது. இன்னும் கீழே போனால், படகுக் கடனை அடைக்க வேண்டும், பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும். கோரிக்கைகள் முட்டிக்கொள்கிற இடத்தில் தேவைகள் முட்டாமல் இருக்கலாம், பேச்சுக்கு இடம் கிடைப்பது அங்கேதான்.

சேர்த்து வைப்பது எது?

மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் போர் நடக்கிற நாடுகளில் உதவிப் பணிகளை ஆராய்ந்து ஒரு எளிய பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். எதிரெதிராக நிற்கிறவர்களைப் பிரிப்பவை எவை என்று எழுதும்போது, அவர்களை இன்னமும் இணைத்து வைத்திருப்பவை எவை என்றும் கூடவே எழுதுங்கள் என்பதுதான் அது. நாம் செய்யப்போகிற எந்த வேலையும் இந்த இரண்டில் ஒன்றைக் கூட்டும், ஒன்றைக் குறைக்கும்.

பாக் விரிகுடாவில் இந்த இரண்டாவது பட்டியல் நீளமானது. ஒரே மொழி, ஒரே மாதிரிக் கோயில், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் படகு பிடித்து வருகிற குடும்பங்கள், கொண்டு கொடுத்த உறவு, முகாம்களில் கழிந்த வருடங்கள். 2021 ஜனவரியில் இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கிய தமிழ்நாட்டுப் படகில் இறந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கை அகதி. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? வடக்கு மீனவர்கள் பலர், போர்க்காலத்தில் எங்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்கள் என்ற நன்றியையும், எங்கள் கடலை அழிக்கிறவர்கள் என்ற கோபத்தையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். தமிழருக்குள் சண்டை மூட்டுகிறார்கள் என்ற பேச்சு வந்துவிடுமோ என்று அடக்கி வாசிக்கிறவர்களும் உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்துப் பதிவு செய்ய வேண்டும்.

இணைக்கிற சக்தியைத் தேடிப் பிடித்ததற்கு வேறொரு இடத்திலிருந்து ஒரு சான்று. கென்யாவின் வடகிழக்கில் வஜீர் என்ற வறண்ட மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் வறட்சி, பக்கத்து நாடான சோமாலியாவில் அரசு சரிந்ததால் வந்து குவிந்த துப்பாக்கிகள், தேர்தல் போட்டி என்று எல்லாம் சேர்ந்து சோமாலி குலங்களுக்குள் கொலை நடந்தது. சில பெண்கள், டேகா இப்ராகிம் அப்தி அவர்களில் ஒருவர், சந்தையைக் கவனித்தார்கள். ஒரு குலத்துப் பெண் இன்னொரு குலத்தாரிடம் வாங்கவோ விற்கவோ முடியாத நிலை அங்கே வந்திருந்தது. நாளும் சந்தையைக் கண்காணிக்க ஒரு குழு அமைத்தார்கள், யாரும் யாரிடமும் வாங்கலாம் விற்கலாம் என்பதை உறுதிப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு குலப் பெரியவர்களிடம் போனார்கள். 1993இல் பெரியவர்கள் சமாதான உடன்படிக்கைக்கு வந்தார்கள். பெண்கள் செய்த ஆராய்ச்சி சந்தையில் நின்று யார் யாரிடம் வாங்குகிறார்கள் என்று பார்த்ததுதான், ஆனால் மிகச் சரியான இடத்தில் நின்று பார்த்தார்கள்.

மேசைக்கு வராத விஷயங்கள்

பாக் விரிகுடாவில் பேச்சே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2004இல் தமிழ்நாட்டு மீனவர் குழு இலங்கைக்குப் போய்ப் பேசியது. 2010 ஆகஸ்டில் வடக்கு மீனவர்கள் தமிழ்நாடு வந்தார்கள், இழுவை மடியை இலங்கைக் கடலில் ஓராண்டுக்குள் நிறுத்துவது, அந்த ஓராண்டிலும் 70 நாள் மட்டும் போவது என்று மீனவர்களே பேசி ஒத்துக்கொண்டார்கள். அது பெரிய விஷயம், இன்றைக்கு நினைத்தாலும் மதிப்பாக இருக்கிறது. ஆனால் அரசுகள் அதை ஏற்றுச் செயல்படுத்தவில்லை, படகை நிறுத்துகிறவருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அப்படியே நின்றது. 2014லும் 2015லும் சென்னையிலும் கொழும்பிலும் மறுபடி பேசினார்கள்.

2017இல் இந்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. இழுவைப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் படகு வாங்கலாம், படகின் விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம், 20 சதவீதம் வங்கிக் கடன், 10 சதவீதம் கையிலிருந்து. மூன்று ஆண்டில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. தாளில் பார்த்தால் நல்ல திட்டம். எடுத்துக்கொண்டவர்கள் மிகக் குறைவு. மேலே சொன்ன ஏழு நாள் தாளை முதலில் போட்டிருந்தால் காரணம் தெரிந்திருக்கும். இன்றைக்குப் போய் நாளைக்குத் திரும்புகிற தொழில் இவர்களுடையது, ஆழ்கடல் என்றால் வாரக்கணக்கில் வெளியே, சூரைக்குத் தூண்டில் போடுவது வேறு வித்தை, நிறுத்தத் துறைமுகம் வேறு வேண்டும், விற்கிற வியாபாரி வேறு. படகுச் சொந்தக்காரருக்கு மானியம் உண்டு, அவரிடம் கூலிக்குப் போனவருக்கு அந்தத் திட்டத்தில் என்ன இருந்தது? கூலியாள் ஆய்விலும் இல்லை, பேச்சிலும் இல்லை, அதனால் திட்டத்திலும் இல்லை. நான் முதலில் சொன்னது இதைத்தான்.

ஆராய்கிறவர் செய்யக்கூடிய கேடு

இதைக் கடைசியில் எழுதினாலும், கரைக்குப் போவதற்கு முன்னாலேயே படித்துவிடுங்கள். எல்லை தாண்டினேன் என்று ஒருவர் உங்களிடம் சொல்வது நட்பில் சொன்னது, நீதிமன்றத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம். தடை செய்த தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலை போடுகிறேன் என்று வடக்கில் ஒருவர் சொன்னாலும் அதே கதைதான். ஆகவே பெயர், படகு எண், ஜிபிஎஸ் குறிப்பு எதையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள், போனில் பதிவு செய்யாதீர்கள். யாரோடு போய் இறங்குகிறீர்கள் என்பதும் பதிலை மாற்றும். மீன்வளத்துறை அதிகாரியோடு போனால் ஒரு பதில், பங்குத் தந்தையோடு போனால் ஒன்று, கட்சிக்காரரோடு போனால் இன்னொன்று. முடிந்தவரை அந்தந்த ஊர்க்காரர்களையே ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள், சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளாமல் கேள்வியை உருவாக்குவதிலேயே சேருங்கள்.

எழுதி முடித்ததும் முதலில் அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், ஒவ்வொரு கரையிலும் தனித்தனியாக, தமிழில், உரிமையாளர் இல்லாத நேரத்தில் கூலியாட்களுக்கு ஒருமுறை, பெண்களுக்கு ஒருமுறை. இது தப்பு என்று அவர்கள் சொல்கிற இடத்தைத் திருத்துங்கள். அந்தக் கரை சொன்னதை இந்தக் கரையில் பெயரில்லாமல் சொல்லிக் காட்டலாமா என்று கேட்டு, சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். காலி கிடந்த அந்த மூன்று கட்டங்களை ராமேசுவரத்துப் படகோட்டி பார்க்கட்டும், டீசல் கணக்கை வடக்குக்காரர் பார்க்கட்டும். நேரில் உட்கார வைப்பதற்கு முன்னால் இந்தத் தாள்கள் கடலைத் தாண்டினால் பேச்சு வேறு இடத்திலிருந்து ஆரம்பமாகும்.

வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் போய்ப் பாருங்கள். 2010இல் யாராவது போட்ட வரைபடத்தில் கடலட்டைப் பண்ணைகள் இருந்திருக்காது. இப்போது யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் அவை பெருகி, கரையோரம் வலை போடுகிறவர்களுக்கும் பண்ணை வைத்தவர்களுக்கும் நடுவே புது வழக்கு வந்திருக்கிறது. அங்கே யாருக்கு இடம் போனது, யாருக்கு வேலை கிடைத்தது, அனுமதியை யார் கொடுத்தார்கள் என்று இன்னொரு ஏழு நாள் தாள் போட வேண்டியிருக்கிறது.